நாகசாகியை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

மணப்பாட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் அலுவலக வேலையாக ஃபுகுவோக்கா போயிருந்தேன். வேலை முடிந்தபோது கையில் நான்கு நாள் விடுமுறை இருந்தது. "நாகசாகியைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், மீதி நாட்களுக்குக் கியோட்டோ போங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் நான்கு நாளும் நாகசாகியிலேயே இருந்துவிட்டேன். ஜப்பானுக்கு இது என் முதல் பயணம். கியோட்டோவைப் பார்க்காமல் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு நாகசாகி என்றால் பள்ளிப் பாடப் புத்தகத்தின் ஒரே வரி: 1945 ஆகஸ்ட் 9. அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபுகுவோக்காவின் ஹகாதா நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். வழியில் தாக்கேவோ ஒன்சென் நிலையத்தில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப் பக்கத்தில் நிற்கும் புல்லட் ரயிலில் ஏற வேண்டும். 2022 செப்டம்பரில் திறந்த பாதை, நீளம் 66 கிலோமீட்டர்தான். ரயிலின் பெயர் 'கமோமே', அதாவது கடற்காகம். சுரங்கத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாகவே பாதி நேரம் கழிகிறது. கடைசிச் சுரங்கத்தைத் தாண்டியதும் ஊர் வந்துவிடுகிறது.

நான் கடற்கரைக்காரன். தூத்துக்குடியில் நிலம் தட்டை. கடலுக்குள் நீளமாகக் கல்லைக் கொட்டி, அலையைத் தடுத்து, நாமே துறைமுகத்தை உண்டாக்கிக்கொண்டோம். நாகசாகியில் மலைகளுக்கு நடுவே கடல்தான் ஊருக்குள் புகுந்து வந்திருக்கிறது. நீண்டு ஒடுங்கிய அந்த நீர்ப்பரப்பைச் சுற்றி மூன்று பக்கமும் மலை, மலை முழுக்க வீடுகள். சமதளம் கொஞ்சம்தான். அதில் டிராம் தண்டவாளமும் கடைவீதியும் போக மிச்சமில்லை, ஆகவே ஊர் மேலே ஏறிவிட்டது.

நான் பதிவு செய்த விடுதி "நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை" என்று போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அது உண்மை. வரைபடத்தில் தெரியாதது நூற்று அறுபத்து மூன்று படிகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒன்றொன்றாக எண்ணினேன். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் மரப் பெஞ்சு ஒன்று போட்டிருந்தது. மேலிருந்து காய்கறிப் பையோடு இறங்கி வந்த மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. உடனே அந்தப் பெஞ்சைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு, முதலில் தானே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசாமல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்க் கரையில் கப்பல் கட்டும் தளம், அதில் பச்சை நிறத்தில் பெரிய பழைய கிரேன். ஐந்து நிமிடம் கழித்து அவர் எழுந்து, தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு இறங்கிப் போனார். நாகசாகிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்பது அடுத்த நாட்களில் புரிந்தது. கடிதம் கொண்டு வருபவரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இதே படிகளைத்தான் ஏறி இறங்குகிறார்கள்.

இரண்டாம் நாள் உரகாமிப் பக்கம் போனேன். அணுகுண்டு வெடித்தது அந்தப் பள்ளத்தாக்கின் மேலே, சுமார் 500 மீட்டர் உயரத்தில். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். அருங்காட்சியகத்தில் 11.02-இல் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தின் முன்னால் எல்லோரும் நிற்கிறார்கள், நானும் நின்றேன். ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் சன்னோ என்ற சிறிய ஷிந்தோ கோயில் இருக்கிறது. குண்டு வெடித்த இடத்துக்கு அது 800 மீட்டர். அதன் கல் தோரண வாயிலில் ஒரு கால் விழுந்துவிட்டது, மற்றது இன்றும் ஒற்றைக்காலில் நிற்கிறது. மேலிருக்கும் கல் வெடிப்பின் விசையில் சற்றே திரும்பியிருப்பதை அருகில் போனால் பார்க்கலாம். விழுந்த துண்டுகளைப் பக்கத்திலேயே கிடத்தியிருக்கிறார்கள்.

கோயில் முகப்பில் இரண்டு கற்பூர மரங்கள். கருகி, இலையெல்லாம் போய், செத்துவிட்டன என்று எல்லோரும் கைவிட்ட பிறகு துளிர்த்தவை. இப்போது அவை ஆகாயத்தை மறைக்கின்றன. நான் போன அன்று நல்ல காற்று. மரத்தடியில் நின்றால் இலைச் சத்தம் மழை போலக் கேட்டது.

மூன்றாம் நாள் ஓவுரா தேவாலயம். இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் கலக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். புனித சவேரியார் 1542 முதல் எங்கள் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்தவர். மணப்பாட்டில் கடலைப் பார்த்த குகையில் அவர் தங்கினார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதே மனிதர்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1571-இல், போர்ச்சுகீசியக் கப்பல்களுக்காக நாகசாகித் துறைமுகம் திறந்தது. பிறகு 1614-இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை. குருமார்கள் விரட்டப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். வழிபாடு மறைவாகப் போயிற்று. குரு இல்லை, கோயில் இல்லை, அச்சிட்ட நூல் இல்லை. தாய் சொல்லப் பிள்ளை கேட்டு மனப்பாடம் செய்த ஜெபங்கள் மட்டும். 1865 மார்ச் 17 அன்று, புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உரகாமியிலிருந்து சில விவசாயிகள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிரெஞ்சுக் குருவின் அருகில் சென்று, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லி, சாந்தா மரியா சிலை எங்கே என்று கேட்டார். இரண்டரை நூற்றாண்டு காத்து வைத்த கேள்வி அது. அந்தச் சிலை இன்னும் அங்கே இருக்கிறது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை என்பது நல்லதாயிற்று. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

பயணம் பற்றிய கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடலி

அண்ணா, வாசித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நான் யாழ்ப்பாணம், இப்போது ஒசாகாவில் படிக்கிறேன். வந்த முதல் வாரம் கடையில் 'பான்' என்று எழுதியிருந்த பலகையைக் கூட்டி வாசித்துவிட்டு அப்படியே நின்றேன். நாங்கள் வீட்டில் பாண் என்றுதான் சொல்லுவோம். இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்தது போர்ச்சுகீசியர். சட்டைப் பொத்தானும் அப்படித்தான், ஜப்பானியர் அதை 'போத்தான்' என்கிறார்கள். இந்தச் சொற்கள் ஜப்பானுக்குள் வந்தது நீங்கள் போய் நின்ற அந்தக் கடற்கரை வழியாகத்தான்.

அந்த ஊரின் கஸ்தெரா கேக் சாப்பிட்டீர்களா? அடியில் ஒட்டியிருக்கும் சீனிக் கட்டிகளைப் பற்றி எழுதுங்கள்.

மணப்பாட்டுக்காரன்

தங்கை, சாப்பிட்டேன். முட்டை, மாவு, சர்க்கரை, பாகு. வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் தாளை மெதுவாக உரித்தால், கரையாத பெரிய சர்க்கரைப் பரல்கள் பழுப்பு நிறத்தில் மின்னுகின்றன. மேலே பஞ்சு, அடியில் நறநறப்பு. வெளிநாட்டுக் கப்பல்கள் கொண்டுவந்த சர்க்கரை நாகசாகியில்தான் இறங்கியது. நாட்டின் மற்ற இடங்களில் கிள்ளிப் போட்ட சர்க்கரையை இங்கே அள்ளிப் போட்டார்கள் என்பது நாக்கில் தெரிகிறது. தூத்துக்குடி மக்ரூனைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, துறைமுக ஊரின் இனிப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருவல்லிக்கேணி மாலதி

வணக்கம். ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இருவரும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். உங்கள் 163 படிகளைப் படித்ததும் நாகசாகியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவோ, நான் வாசித்துக் காட்டியதிலிருந்து அந்த மரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்.

மணப்பாட்டுக்காரன்

எடுத்துவிடாதீர்கள் அக்கா. தங்கும் இடத்தைச் சமதளத்தில், டிராம் நிறுத்தத்தை ஒட்டிப் பாருங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும். டிராமில் பின்வாசல் வழியாக ஏறி, இறங்கும்போது முன்னால் ஓட்டுநர் அருகே காசு போட வேண்டும். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். 1915 முதல் ஓடுகிறது. சில வண்டிகளின் தரை மரப் பலகை.

குளோவர் தோட்டத்துக்கு எல்லோரும் ஓவுரா தேவாலயப் பக்கமிருந்து மேடேறிப் போகிறார்கள். நீங்கள் அப்படிப் போக வேண்டாம். டிராமில் கடைசி நிறுத்தமான இஷிபாஷிக்குப் போங்கள். சற்று நடந்தால் மலைச்சரிவிலேயே சாய்வாக ஏறும் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதி மக்கள் வீட்டுக்குப் போகக் கட்டியது, இலவசம். அதில் ஏறி, மேலே இன்னொரு லிஃப்ட் பிடித்தால் தோட்டத்தின் மேல்வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு எல்லாம் இறக்கம்தான். குளோவர் என்ற ஸ்காட்லாந்து வணிகர் 1863-இல் கட்டிய வீடு அங்கே நிற்கிறது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் மேலைநாட்டுப் பாணி மர வீடுகளில் அதுவே பழையது. திண்ணையிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். அமைதிப் பூங்காவுக்கு நகரும் படிக்கட்டு உண்டு. சன்னோ கோயிலுக்கு மட்டும் கொஞ்சம் படி ஏற வேண்டும், அவசரப்படாமல் ஏறுங்கள்.

சாப்பாட்டுக்கு அந்த ஊர்ப் பக்கத்தில் வாழ்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

ஹகாதா குமரன்

ஃபுகுவோக்காவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முட்டையும் இல்லாத சைவத்துக்கு நாகசாகி எளிதான ஊர் அல்ல. ஊரின் பெருமையே சாம்போன் என்ற நூடுல்ஸ். சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்த ஒருவர், 1899-இல், காசில்லாத சீன மாணவர்கள் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று செய்தது. பன்றி எலும்பு, கோழி எலும்புச் சாறு, மேலே இறால், கணவாய். காய்கறிச் சாம்போன் என்று கேட்டாலும் சாறு அதுதான். காய்கறிக் குழம்பிலும் காய்ந்த மீன் போட்டுக் கொதிக்கவைத்த நீர் இருக்கும். கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் புளிப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும், உறையில் உள்ளதைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு வாங்குங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பழம், தயிர் எங்கும் உண்டு. ஹமனோமாச்சிக் கடைவீதிப் பக்கம் இந்திய, நேபாளச் சமையல் கடைகள் இருக்கின்றன. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்து வாருங்கள், விடுதி அறையில் ஒரு குட்டிக் குக்கர் போதும்.

ஆனால் ஒன்று. சைவச் சமையலுக்கே நாகசாகிதான் ஒரு வாசல். 1654-இல் சீனாவிலிருந்து இன்கன் என்ற துறவி நாகசாகியில் வந்து இறங்கினார். அவர் தொடங்கிய ஓபாக்கு என்ற ஜென் பௌத்த மரபின் மடங்களில் 'ஃபுச்சா' என்ற சைவ விருந்து உண்டு. ஜப்பானியர் இன்றும் பீன்ஸை 'இன்கன்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரே நாளில் திரும்பக் கூடாது என்று மணப்பாட்டு அண்ணன் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். முதல் மூன்று முறை நான் அப்படித்தான் செய்தேன். நாலாவது முறை ஆகஸ்ட் 15 அன்று இரவு தங்கினேன். அந்த ஆண்டில் யாரையாவது இழந்த குடும்பங்கள் மரத்திலும் மூங்கிலிலும் படகு கட்டி, முகப்பில் குடும்பப் பெயரை எழுதி, விளக்கேற்றி, சக்கரத்தில் வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். இறந்தவரின் ஆன்மாவை வழியனுப்பும் சடங்கு. வழியெல்லாம் சரவெடி. பெட்டி பெட்டியாகக் கொளுத்துகிறார்கள், காதில் பஞ்சு வைக்காமல் நிற்க முடியாது. ஜப்பான் என்றாலே அமைதி என்று பழகியிருந்த எனக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் வெடி போட்டு இறுதி ஊர்வலம் போகும் நினைவு வந்துவிட்டது. என் அருகில் ஒரு படகு நின்றது. அதன் முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியின் படம். படகைத் தள்ளியவர்களில் அவள் வயதுப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள்.

நெடுங்கடல்

கப்பலில் எஞ்சின் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1980களின் கடைசியில் எங்கள் சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக நாகசாகிக்குப் போனது. டிரை டாக்கில் பதினெட்டு நாள். தம்பி, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த அந்தக் கிரேனை நான் அடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

1909-இல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. தூக்கும் திறன் 150 டன், மின் மோட்டாரில் இயங்குவது. குண்டையும் தாங்கியது. நூறாண்டு தாண்டியும் வேலை செய்கிறது. 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மெய்ஜி காலத் தொழில் இடங்களில் அதுவும் ஒன்று. அதே பட்டியலில் கொசுகே என்ற சிறிய கப்பல் சாய்தளமும் உண்டு. குளோவரும் சத்சுமா என்ற ஜப்பானியச் சிற்றரசைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து 1868 வாக்கில் கட்டியது. கப்பலைத் தண்டவாளத்தில் வைத்து நீராவி எஞ்சினால் கரைக்கு இழுப்பார்கள். அந்த இழுவை மேடை மணிச்சட்டம் போல இருந்ததால் ஊர் மக்கள் அதற்கு 'மணிச்சட்ட டாக்' என்று பெயர் வைத்தார்கள். குளோவர் வீட்டின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இந்தக் கொசுகேக்குப் போகிறவர்கள் குறைவு. எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. முசாஷி என்ற மாபெரும் போர்க்கப்பல் இந்தத் துறைமுகத்தில்தான் கட்டப்பட்டது. 1940 நவம்பரில் நீரில் இறக்கும்வரை அதை ஊர்க் கண்ணிலிருந்து மறைக்க, பனைவகை மரநாரில் திரித்த கயிற்றைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றிலும் மலை, மலையெல்லாம் வீடு. ஒவ்வொரு சன்னலிலிருந்தும் கப்பல் தெரியும் என்பதால் அப்படி. பேர்ல் ஹார்பரில் பாய்ந்த டார்பிடோக்களும் உரகாமிப் பக்கத்து ஆயுத ஆலையில் செய்தவை. குண்டு விழுந்ததை இது நியாயப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. ஒரு துறைமுக ஊரை நேசிக்கிறவர்கள் அதன் பட்டறைகளில் என்ன செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

அங்கே எங்களோடு வேலை செய்த ஜப்பானிய ஃபோர்மேன் ஒருவர் தினமும் காலையில் வால்வைத் தொடுவதற்கு முன் தன் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் இரும்பைத் தடவிப் பார்ப்பார். அதிர்வு கையில் தெரியும் என்பார். பிற்காலத்தில் நானும் அதையே பழகிக்கொண்டேன்.

புதுக்கோட்டை இளவழுதி

இழை நன்றாகப் போகிறது, ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எழுபதாயிரம் பேர் மாண்ட இடத்தில் கேக், நூடுல்ஸ் என்று பேசுவது சரியா? ஹிரோஷிமாவுக்குப் போய் ஒரு நாள் தலை குனிந்துவிட்டு வந்தால் போதாதா? நினைவிடத்தைச் சுற்றுலாவாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மணப்பாட்டுக்காரன்

இளவழுதி ஐயா, போவதற்கு முன் இதே கேள்வி எனக்கும் இருந்தது. அதனால் சுருக்கமாக முடிக்க முடியவில்லை.

முதலில், ஹிரோஷிமாவும் நாகசாகியும் ஒன்றல்ல. அன்று குண்டுக்குக் குறிக்கப்பட்ட முதல் இலக்கு கொக்குரா. அங்கே கீழே எதுவும் தெரியாததால் விமானம் இங்கே திரும்பியது. இங்கும் மேகம். ஊரின் நடுப்பகுதியைக் குறிவைத்த குண்டு மூன்று கிலோமீட்டர் வடக்கே, உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. நடுவிலிருந்த மலைகள் தென்பகுதியை ஓரளவு காத்தன. ஆகவேதான் குளோவர் வீடும் ஓவுரா தேவாலயமும் சேதத்தோடு தப்பின. தடைக்காலம் முழுக்க ஒளித்து வைத்த நம்பிக்கையோடு வாழ்ந்து, 1873-இல் தடை நீங்கிய பிறகு தாங்களே செங்கல் செங்கலாகக் கட்டி 1914-இல் திறந்த உரகாமித் தேவாலயத்தின் அருகே குடியிருந்தவர்கள்தான் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள். ஒரே தெருவில் இவ்வளவும் நடந்திருக்கிறது. ஹிரோஷிமாவைப் பார்த்தால் இது தெரியாது.

அடுத்து, தலை குனிவதைப் பற்றி. அமைதிப் பூங்காவில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதன் முன்னால் உள்ள கல்லில், குண்டில் சிக்கிய ஒரு சிறுமி எழுதியது பொறிக்கப்பட்டிருக்கிறது. தாகம் தாங்க முடியவில்லை, நீரின் மேலே எண்ணெய் போல ஏதோ மிதந்தது, இருந்தும் அப்படியே குடித்துவிட்டேன் என்பது அதன் சாரம். நான் கையில் தண்ணீர்ப் புட்டியோடு நின்று அதைப் படித்தேன். அப்போது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. ஆசிரியை கல்லில் இருந்ததை வாசித்தார், பிள்ளைகள் கேட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். யாரும் அதட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களே அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் ஐயா. நான் அந்த ஊரின் சாம்போனைச் சாப்பிட்டதை இறந்தவர்களுக்குச் செய்த குறையாக நினைக்கவில்லை.

புதுக்கோட்டை இளவழுதி

நீரூற்று பற்றிச் சொன்னதற்கு நன்றி. சுற்றுலா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் சாப்பாடு பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கைத்தறி நேசன்

தேஜிமாவைப் பற்றி யாருமே எழுதவில்லையே! நான் துணி வரலாறு படிப்பவன். என்னைப் போன்றவர்களுக்கு நாகசாகி என்றாலே தேஜிமாதான்.

விசிறி வடிவில் கடலில் மண் கொட்டிக் கட்டிய சின்னஞ்சிறு தீவு. 1636-இல் போர்ச்சுகீசியரை அடைத்து வைக்கக் கட்டினார்கள். மூன்றே ஆண்டில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1641-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அதன் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேலாக மேற்கு நாட்டுக் கப்பல்களுக்கு ஜப்பானில் இருந்த ஒரே கதவு அது. பத்தவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) தென்மேற்குக் காற்றைப் பிடித்து, கோடையில் கப்பல் வரும்.

அந்தக் கப்பலில் என்ன வந்தது? சர்க்கரை, சாயமரம், தோல். அதோடு நம் கரையின் துணி. டச்சுக் கம்பெனிக்கு 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை. 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்த கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குப் போனது. அங்கே அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'சந்தோமே'. நம் சென்னை சாந்தோம்தான்! போர்ச்சுகீசியர் வாயிலிருந்து கேட்ட ஊர்ப் பெயரே துணிப் பெயராக நின்றுவிட்டது. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துச் செல்வந்தர்கள் அதை விரும்பி உடுத்தினார்கள். பின்னால் ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள், அந்த உள்ளூர்ச் சரக்கும் அதே பெயரின் சுருக்கத்தில்தான் விற்றது. திரும்பி வரும் கப்பலில் ஜப்பானியச் செம்பும் கற்பூரமும் ஏறின. அந்தச் செம்பு நம் கரையில் நன்றாக விலைபோனது.

நம் பாடநூல்கள் ரோமாபுரிப் பொற்காசைச் சொல்கின்றன, நாகசாகிச் செம்பைச் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

மணப்பாட்டுக்காரன்

நேசன், இதை நான் போவதற்கு முன் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! தேஜிமாவுக்கு நான்காம் நாள் போனேன். சுற்றிலும் மண்ணை நிரப்பி ஊராக்கிவிட்டார்கள், கடல் எட்டிப் போய்விட்டது. 2017-இல் புதிதாகப் போட்ட பாலத்தின் வழியாக ஓடையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கிடங்குகளையும் தலைமை வணிகர் வீட்டையும் பழைய முறையிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சில நிமிடங்களிலேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துவிட்டேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த அளவு இடத்தில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்து கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

துணியை நான் கவனிக்கவில்லை. ஆனால் பட்டத்தைக் கவனித்தேன். நாகசாகியில் பட்டத்துக்கு 'ஹதா' என்று பெயர், கொடி என்று பொருள். வாலில்லாத சாய்சதுரம், பல பட்டங்களில் டச்சுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம். டச்சுக் கப்பல்களில் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த வேலையாட்கள் தேஜிமாவில் பறக்கவிட்டதைப் பார்த்து ஊர் கற்றுக்கொண்டது என்பது அங்கே சொல்லும் வரலாறு. கசகஷிரா மலையில் ஒரு பட்டக் கடையில் நூல்கண்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் சுருக்கென்றது. கண்ணாடித் தூள் பூசிய நூல்! நம் மாஞ்சாவேதான். கழுத்தை அறுத்த விபத்துகளால் சென்னையில் அதற்குத் தடை இருப்பது சரியே. இங்கே மலையுச்சித் திடலில், ஏப்ரல் மாதத்தில், அதற்கென்று நாள் குறித்து விடுகிறார்கள். மாலதி அக்கா, உங்கள் நாளும் பொருந்தினால் போய்ப் பாருங்கள்.

கரிசல் கதிர்

ஹாஷிமாவுக்குப் போனீர்களா? போர்க்கப்பல் தீவு என்று படங்களில் பார்த்திருக்கிறேன்.

மணப்பாட்டுக்காரன்

படகு போனது, அலை அதிகமாக இருந்ததால் இறங்க விடவில்லை. சுற்றி வந்து பார்த்தேன். நீளம் 480 மீட்டர், அகலம் 160 மீட்டர். கடலடி நிலக்கரிக்காக அந்தப் பாறையில் 1959-இல் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974-இல் சுரங்கம் மூடியதும் மூன்று மாதத்தில் எல்லோரும் வெளியேறினார்கள். ஜப்பானின் முதல் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு அங்கேதான், 1916-இல் கட்டியது, இப்போது கண் முன்னே இடிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் படகில் கொடுத்த விளக்கம் எனக்குப் போதவில்லை. போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கொண்டுவந்து கட்டாய வேலை வாங்கியதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அந்த வரலாற்றையும் சொல்வோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. சொன்னது போதாது என்று 2021-இல் யுனெஸ்கோ குழு வருத்தம் தெரிவித்தது. உரகாமியில் குண்டுக்கு இரையான கொரியர்களுக்குத் தனி நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன்னால் யாரோ தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தீவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் போங்கள்.

திருவல்லிக்கேணி மாலதி

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நேரம் கிடைத்து எழுதுகிறேன். போய் வந்துவிட்டோம். மூன்று இரவு தங்கினோம்.

குமரன் தம்பி சொன்ன பருப்புப்பொடி காப்பாற்றியது. இஷிபாஷி லிஃப்டில் எங்களோடு ஏறியவர்கள் மளிகைப் பையோடு வீடு திரும்பும் பெண்கள். அம்மா அவர்களோடு தமிழிலும் அவர்கள் அம்மாவோடு ஜப்பானியத்திலும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே மேலே போனார்கள். கையால் முட்டியைத் தொட்டுக் காட்டினால் எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது. பட்ட விழாவுக்கு நாங்கள் ஒரு வாரம் பிந்திவிட்டோம்.

சன்னோ கோயில் படிகளை அம்மா மூன்று இடத்தில் நின்று ஏறினார். வசந்தத்தில் கற்பூர மரம் பழைய இலையை உதிர்க்கும் போலிருக்கிறது, தரையெல்லாம் செம்பழுப்புச் சருகு, மேலே இளம்பச்சைத் துளிர். அம்மா ஒரு சருகைக் குனிந்து எடுத்தார். இரண்டாக ஒடித்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசம்.

அம்மா அந்தச் சருகை மரத்தின் வேரடியிலேயே வைத்துவிட்டு, கை கூப்பி நின்றார். இறங்கும்போது ஒரு இடத்திலும் நிற்கவில்லை.